மரச் சட்டத்தில் சுழன்ற சிறுநீரகம்

அந்த அம்மாள் கறுப்பு உடை உடுத்தி வந்திருந்தாள். தலையில் வெள்ளைக் குல்லாய். வயல் வேலை செய்து செய்து முதுகு கூனிப் போயிருந்தது. அவளுடைய ஒரே மகன் உள்ளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். அவனுக்கு வயது 22.

மகன் பிழைக்கமாட்டான் என்பதை அவளிடம் சொல்லியாக வேண்டும். யார் சொல்வது? அந்தக் கட்டிலைக் கவனித்து வந்த இளம் டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டருக்கு வயது 27. பெயர் வில்லெம் கோல்ப்.

இது நடந்தது 1938-ம் ஆண்டில். இடம், ஹாலந்து நாட்டில் உள்ள குரோனிங்கன் நகரம்.

அந்த வாலிபனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. ஓயாத வாந்தி. கண் பார்வையும் போய்விட்டது. நாளுக்கு நாள் அவன் செத்துக்கொண்டிருந்தான். டாக்டர் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

தாயிடம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மனம் ஆறவில்லை. தினமும் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், அவன் ரத்தத்தில் இருந்து கழிவை எடுக்க முடிந்தால் பிழைத்துக்கொள்வானே என்று எண்ணினார்.

அந்த எண்ணம்தான் இன்று ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரிகளில் “டயாலிசிஸ்” என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோல்ப் டாக்டருக்குப் படித்தவர். என்ஜினீயர் அல்ல. ஆனாலும், உடம்புக்கு எந்திரம் செய்யும் கலைக்குப் பாதை போட்டவர்களில் அவர் முக்கியமானவர். அந்தக் கலை இன்று கல்லூரிகளில் தனிப் படிப்பாகவே இருக்கிறது. உயிர் மருத்துவப் பொறியியல் என்று பெயர். அதில் சேரும் மாணவர்களுக்கு உடலியல் பாடம் உண்டு. இதயம் எப்படி அடிக்கிறது, நுரையீரல் எப்படி மூச்சு வாங்குகிறது, சிறுநீரகம் எப்படிச் சலிக்கிறது என்றெல்லாம் படிக்க வேண்டும். “எந்திரம் செய்ய வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று முணுமுணுக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் கோல்ப்பின் கதையைக் கேட்க வேண்டும்.

குண்டிக்காய் செய்யும் வேலை

சிறுநீரகம் என்பது புதிய உறுப்பு ஒன்றும் அல்ல. ஆட்டுக்கறிக் கடையில் “குண்டிக்காய்” என்று கேட்டு வாங்குவார்களே, அதுதான். மனிதனுக்கு இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கமாக இரண்டு இருக்கின்றன. அவரை விதை போன்ற வடிவம். ஒன்றின் எடை சுமார் 150 கிராம்.

அளவுதான் சிறியது. வேலை மிகப் பெரியது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய சல்லடைகள் இருக்கின்றன. உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். அந்த ரத்தமே திரும்பத் திரும்பச் சிறுநீரகத்துக்கு வருகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வருகிறது. இந்தச் சல்லடைகள் ஒரு நாளில் 180 லிட்டர் நீரைப் பிரித்து எடுக்கின்றன. அதில் உடம்புக்கு வேண்டியதை எல்லாம் திருப்பி ரத்தத்திலேயே சேர்த்துவிடுகின்றன. மிஞ்சுகிற ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர்.

பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் உடம்பில் செரித்த பிறகு ஒரு கழிவு உண்டாகிறது. அதற்கு யூரியா என்று பெயர். வயலுக்குப் போடுகிற உரம் இருக்கிறதே, அந்த யூரியாவேதான்! சிறுநீரகம் நின்றுவிட்டால் யூரியாவும் மற்ற கழிவுகளும் ரத்தத்தில் தேங்கும். முதலில் வாந்தி வரும். பிறகு நினைவு தப்பும். பிறகு உயிர் போகும்.

கோல்ப்பின் கணக்கு

இப்படிப் பல வேலை செய்கிற உறுப்பை அப்படியே செய்து வைக்க வேண்டும் என்று யாராவது நினைத்திருந்தால், இன்றுவரை நினைத்துக்கொண்டேதான் இருந்திருப்பார். கோல்ப் அப்படி நினைக்கவில்லை. சிறுநீரகம் செய்கிற வேலைகளில் எந்த வேலை நின்றதால் இந்த வாலிபன் இப்போது சாகிறான் என்று கேட்டார். தினமும் 20 கிராம் யூரியாவை வெளியேற்றினால் வாந்தி நிற்கும் என்று கணக்குப் போட்டார். அவ்வளவுதான் அவர் எந்திரத்திடம் எதிர்பார்த்தது.

அதே பல்கலைக்கழகத்தில் பிரிங்க்மன் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர் இருந்தார். அவர் கோல்ப்புக்கு ஒரு பொருளைக் காட்டினார். அது “செலோபன்”. மிட்டாய் சுற்றி வருகிற கண்ணாடித் தாள்!

மேல்நாட்டில் இறைச்சியை அரைத்து, குழாய் போன்ற உறையில் அடைத்து விற்பார்கள். “சாசேஜ்” என்பார்கள். அந்த உறையைக் கண்ணாடித் தாளிலேயே செய்வதும் உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன. யூரியா போன்ற சிறிய பொருள்கள் அந்தத் துளை வழியே போய்விடும். ரத்த அணுக்களும் புரதமும் பெரியவை. அவை போகமாட்டா. மாவு சலிக்கும்போது மாவு கீழே விழுகிறது, தவிடு மேலே நிற்கிறது அல்லவா? அதைப் போலத்தான்.

கோல்ப் சாசேஜ் உறையில் கொஞ்சம் ரத்தம் ஊற்றினார். அதில் யூரியாவைக் கலந்தார். இரு முனையையும் கட்டி, உப்பு நீரில் போட்டு அசைத்தார். சற்று நேரம் கழித்துச் சோதித்தார். ரத்தத்தில் இருந்த யூரியா நீருக்கு வந்துவிட்டது!

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. அவர் ஏன் உப்பு நீரில் போட்டார்? வெறும் நீர் போதாதா?

போதாது. துணியில் வெல்லத்தைக் கட்டி நீரில் போட்டால் வெல்லம் கரைந்து வெளியே வந்துவிடும். அதிகம் இருக்கிற இடத்தில் இருந்து குறைவாக இருக்கிற இடத்துக்குப் போவது கரைந்த பொருளின் குணம். ரத்தத்தில் யூரியா மட்டுமா இருக்கிறது? உப்பு இருக்கிறது. சர்க்கரை இருக்கிறது. அவை உயிருக்கு அவசியம். வெளியே வெறும் நீர் இருந்தால் அவையும் ஓடிவிடும். கழிவு போகும், கூடவே ஆளும் போய்விடுவான்! ஆகவே, ரத்தத்தில் எவ்வளவு உப்பு இருக்க வேண்டுமோ அவ்வளவு உப்பை வெளி நீரிலும் கலக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இருந்தால் உப்பு ரத்தத்தைவிட்டுப் போகாது. யூரியா மட்டும் போகும்.

எந்த உப்பு, எவ்வளவு உப்பு என்பதை இரும்புப் பட்டறையில் தெரிந்துகொள்ள முடியாது. ரத்தத்தைப் படித்தவனுக்குத்தான் தெரியும்.

யுத்தம் வந்தது

1940-ம் ஆண்டு மே மாதம் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் புகுந்தது. கோல்ப் அப்போது ஒரு சாவு வீட்டுக்காக ஹேக் நகரத்துக்குப் போயிருந்தார். விமானங்கள் தலைக்கு மேல் பறந்தன. அவர் சாவு வீட்டைவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். காயம் பட்டவர்களுக்காக நாலே நாளில் ஒரு ரத்த வங்கி ஏற்படுத்தினார்.

குரோனிங்கனில் அவருடைய தலைமைப் பேராசிரியர் ஒரு யூதர். நாஜிகள் வந்துவிட்டார்கள் என்றதும் அவரும் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஒரு நாஜி ஆதரவாளர் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கீழே வேலை செய்யக் கோல்ப்புக்கு மனம் இல்லை. காம்பன் என்ற சின்ன ஊரின் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

ஊரெல்லாம் ஜெர்மன் சிப்பாய்கள். எந்தப் பொருளும் கிடைக்காத காலம். அந்தச் சின்ன ஊரில்தான் உலகத்தின் முதல் உருப்படியான செயற்கைச் சிறுநீரகம் பிறந்தது.

கார் பம்பும் கண்ணாடித் தாளும்

காம்பனில் எனாமல் பாத்திரம் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் ஹென்ட்ரிக் பெர்க். அவர் எந்திர வேலையில் கெட்டிக்காரர். கோல்ப்பும் சிறு வயதில் தச்சு வேலை கற்றவர்தான். இருவரும் சேர்ந்தார்கள்.

மரச் சட்டங்களால் ஒரு பெரிய உருளை செய்தார்கள். அதன்மேல் இருபது முப்பது மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடித் தாள் குழாயைச் சுற்றினார்கள். ஒரு தொட்டியில் உப்பு நீரை நிரப்பி, உருளையின் கீழ்ப் பாதி அதில் முழுகும்படி படுக்கவைத்தார்கள். நோயாளியின் ரத்தம் குழாயின் ஒரு முனையில் நுழையும். உருளை சுழலும். ரத்தம் எப்போதும் பள்ளத்தைத் தேடும் அல்லவா? உருளை சுற்றச் சுற்ற, ரத்தம் குழாயின் அடிப்பக்கமாகவே நகர்ந்து மறு முனைக்கு வந்து சேரும். வருகிற வழியில் யூரியாவை நீரில் விட்டுவிட்டு வரும்.

ஒரு சங்கடம் ஏற்பட்டது. உருளை சுழல்கிறது. நோயாளி சுழலவில்லை. சுழல்கிற குழாயையும் நிற்கிற குழாயையும் ரத்தம் ஒழுகாமல் இணைப்பது எப்படி? போர்டு காரின் தண்ணீர்ப் பம்பில் இதே பிரச்சினைக்கு ஒரு வழி செய்திருந்தார்கள். கோல்ப் அதைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டார்.

இன்னொரு சங்கடம், ரத்தம் உறைவது. உடம்பைவிட்டு வெளியே வந்து வேறு பொருளைத் தொட்டதும் ரத்தம் உறையத் தொடங்கும். காயம் பட்டால் ரத்தம் வடிந்துபோகாமல் இருப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. எந்திரத்துக்கு அதுவே எமன்! “ஹெப்பாரின்” என்ற மருந்தைக் கொடுத்து உறையாமல் பார்த்துக்கொண்டார். அளவு கூடினால் நோயாளிக்கு உள்ளேயே ரத்தம் கசியும். குறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இருபத்தாறு நாள்

1943-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி. 29 வயதுப் பெண் ஒருத்தி. வீட்டு வேலை செய்து பிழைத்தவள். அவளைத்தான் முதன் முதலாக இந்த எந்திரத்தோடு இணைத்தார்கள்.

அவளுக்குத் தெளிவு வந்தது. பேசினாள். மறுபடி கழிவு சேர்ந்தது. மறுபடி இணைத்தார்கள். இப்படி 12 தடவை செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக் குழாயைத் திறக்க வேண்டும். ஒரு தடவை திறந்த இடம் அடுத்த தடவைக்கு உதவாது. கை போயிற்று, கால் போயிற்று. கடைசியில் ஊசி குத்துவதற்கு அவள் உடம்பில் குழாயே மிஞ்சவில்லை. 26 நாள் இருந்து இறந்துபோனாள்.

எந்திரம் தோற்கவில்லை. உடம்புக்குள் போகிற வாசல்தான் அடைத்துவிட்டது. இது மிகப் பெரிய சிக்கல். பின்னால் இதைத் தீர்க்கப் பல ஆண்டு ஆயிற்று.

கோல்ப் விடவில்லை. ஒருவர் பின் ஒருவராக 16 பேருக்கு வைத்தியம் செய்தார். 15 பேர் இறந்துவிட்டார்கள். பிழைத்த அந்த ஒருவரும், எந்திரம் இல்லாவிட்டாலும் பிழைத்திருக்கக் கூடியவர்தான். அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டவர் கோல்ப். 15 சாவைப் பார்த்தபின் வேறு யாராவது எந்திரத்தைப் பரணில் போட்டிருப்பார்கள்.

கண் விழித்த கைதி

1945-ம் ஆண்டில் யுத்தம் முடிந்தது. ஹாலந்து விடுதலை பெற்றது. நாஜிகளுக்கு உடந்தையாக இருந்தவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அப்படிச் சிறையில் இருந்த 67 வயதுக் கிழவி ஒருத்திக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. நினைவு தப்பிவிட்டது. செப்டம்பர் மாதம் கோல்ப்பிடம் கொண்டுவந்தார்கள்.

ஊரில் அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று விரும்பியவர்கள் அதிகம் பேர் இல்லை. அவள் கூட்டத்தாரால் கோல்ப்பும் பட்டவர்தான். குருவையே இழந்தவர். ஆனால் டாக்டர் நோயாளியின் கட்சியைப் பார்க்கவில்லை. உருளை சுழன்றது. பதினொரு மணி நேரம் சுழன்றது.

கிழவி கண்ணைத் திறந்தாள். கோல்ப் குனிந்து, தாம் பேசுவது கேட்கிறதா என்று விசாரித்தார். அவள் வாயில் இருந்து வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா? புருஷனை விவாகரத்து செய்யப் போகிறேன் என்பதுதான்! சொன்னபடியே செய்தும்விட்டாள்.

அவள் பிழைத்தது எப்படி? முதல் பெண்ணுக்கு இல்லாத அதிர்ஷ்டம் இவளுக்கு எப்படி வந்தது? இங்கேயும் விடை உடலியலில்தான் இருக்கிறது. முதல் பெண்ணின் சிறுநீரகம் நாள்பட்ட நோயால் அடியோடு கெட்டுப் போனது. அது திரும்ப வராது. கிழவியின் சிறுநீரகம் திடீர் நோயால் மயங்கிக் கிடந்தது. சில நாள் அவகாசம் கொடுத்தால் தானே எழுந்து வேலை செய்யும். எந்திரம் கொடுத்தது அந்த அவகாசத்தை மட்டும்தான். பிறகு அவளுடைய சொந்தச் சிறுநீரகமே வேலை செய்தது. மேலும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தாள்.

கோல்ப் யுத்த காலத்திலேயே கூடுதலாகச் சில எந்திரங்கள் செய்து வைத்திருந்தார். யுத்தம் முடிந்ததும் அவற்றை லண்டன், நியூயார்க், மான்ட்ரீல் நகர ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார். விலைக்கு அல்ல, இலவசமாக! 1950-ம் ஆண்டில் அவரே அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர்களையும் என்ஜினீயர்களையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து வேலை வாங்கினார். 1982-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கே ஒரு மனிதருக்குச் செயற்கை இதயம் பொருத்தினார்கள். அவர் 112 நாள் உயிர் வாழ்ந்தார். கோல்ப் 2009-ம் ஆண்டு பிப்ரவரியில் காலமானார். 98 வயது நிறைய இன்னும் மூன்றே நாள் இருந்தது.

அடைத்த வாசல்

அந்த 29 வயதுப் பெண்ணைப் பலி வாங்கிய சிக்கல் மட்டும் அப்படியே இருந்தது. சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டவர்களை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை எந்திரத்தில் இணைக்க வேண்டும். அத்தனை ரத்தக் குழாய்க்கு எங்கே போவது?

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஸ்கிரிப்னர் என்ற டாக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. கையில் ஒரு தமனியில் ஒரு குழாயும், ஒரு சிரையில் ஒரு குழாயும் செருகி, அங்கேயே நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். வைத்தியம் நடக்காத நேரத்தில் இரண்டு முனைகளையும் வளைந்த ஒரு குழாயால் தோலுக்கு வெளியே இணைத்துவிட வேண்டும். நின்றால்தானே ரத்தம் உறையும்? ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றார். தோசைக் கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அந்த “டெப்லான்” குழாயையே இதற்கு எடுத்தார்கள். அதைப் பக்குவமாக வளைத்துச் செய்தவர் வெய்ன் குயின்டன் என்ற என்ஜினீயர். 1960-ம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சாவின் வாசலில் நின்ற அவர் அதன்பின் 11 ஆண்டு உயிரோடு இருந்தார்.

பிழைக்க வழி வந்ததும் வேறு ஒரு கொடுமை வந்தது. எந்திரம் சில. நோயாளிகள் பலர். யாருக்குக் கொடுப்பது? சியாட்டிலில் 7 பேர் கொண்ட குழு ஒன்று உட்கார்ந்து, இன்னாருக்குக் கொடுக்கலாம், இன்னாருக்கு இல்லை என்று தீர்மானித்தது. குழுவில் ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு குடும்பப் பெண் எல்லாரும் இருந்தார்கள். இல்லை என்று சொல்லப்பட்டவர்களின் கதி என்ன என்று எழுத வேண்டியது இல்லை. 1962-ம் ஆண்டில் ஒரு பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. நாடே திடுக்கிட்டது.

டெப்லான் குழாயிலும் குறை இருந்தது. தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் சீழ் பிடிக்கும். சில சமயம் அடைத்துக்கொள்ளும். இன்னும் நல்ல குழாய் செய்யலாம் என்று எல்லாரும் யோசித்தார்கள். நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ என்ற டாக்டர்களுக்குத் தோன்றியது வேறு. குழாயே வேண்டாம் என்றார்கள்!

தமனியில் இதயம் தள்ளுகிற வேகத்தில் ரத்தம் ஓடுகிறது. அது ஆழத்தில் இருக்கிறது. சிரை தோலுக்கு அடியிலேயே பச்சை நரம்பாகத் தெரிகிறது. ஆனால் சுவர் மெல்லியது. வேகமும் இல்லை. மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தைத்து இணைத்துவிட்டால் என்ன ஆகும்? தமனியின் ரத்தம் சிரைக்குள் பாயும். வெள்ளம் அதிகமாக வருகிற வாய்க்கால் அகலமாவது போல, சில வாரங்களில் சிரை பருத்துவிடும். அதன் சுவரும் தடித்துவிடும். பிறகு அதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊசி குத்தலாம். உடம்பு தன் குழாயைத் தானே செய்துகொள்கிறது! 1966-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

எந்திரம் செய்யாத வேலை

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குச் சோகை பிடிப்பது வழக்கம். காரணம் என்ன? ரத்தத்தைச் சுத்தம் செய்வது மட்டும் சிறுநீரகத்தின் வேலை அல்ல. புது ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும்படி எலும்பு மஜ்ஜைக்கு அது ஒரு ரசாயனத்தின் மூலம் உத்தரவு அனுப்புகிறது. எலும்புக்கு உறுதி தரும் வைட்டமினைப் பக்குவப்படுத்துகிறது. ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்கிறது. கோல்ப்பின் உருளை இதில் ஒன்றையும் செய்யவில்லை. இன்று இருக்கிற பளபளப்பான பெட்டிகளும் செய்வது இல்லை. ரத்தம் ஊற வைக்கும் அந்த ரசாயனத்தை ஊசி மருந்தாகச் செய்து, அமெரிக்காவில் 1989-ம் ஆண்டில் அனுமதித்தார்கள். அதுவரை அடிக்கடி ரத்தம் ஏற்றித்தான் சமாளித்தார்கள்.

கோல்ப் சுற்றிய மர உருளை இன்று இல்லை. கண்ணாடித் தாள் குழாய்க்குப் பதில் தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்களைக் கட்டு கட்டாக வைத்து, ஒரு சாண் நீள உருளைக்குள் அடக்கிவிட்டார்கள். தமனியையும் சிரையையும் இணைக்கும் முறை மட்டும் மாறவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பலருடைய கையில் அதைப் பார்க்கலாம். புடைத்த நரம்பு போல இருக்கும். அதன்மேல் விரலை வைத்தால் “விர்” என்று ஓர் அதிர்வு தெரியும். நோயாளி வந்து படுத்ததும் நர்சு முதலில் அந்த இடத்தில்தான் விரல் வைத்துப் பார்க்கிறார். அதிர்வு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்கிறார்.